மைக்கிடங்குக் கல்

உன்னிச்சைக் குளத்துக்கு மேற்கே, வயல்வட்டை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஒரு கல்மலை கிடக்கிறது. அதன் அடிவாரத்தில் நாலு வளவு அகலத்துக்குப் புல்லே முளைக்காத ஒரு வெட்டை. ஆடி வெயிலில் ஊரெல்லாம் காய்ந்து, மாடுகள் வேலிக் கதியாலின் பட்டையை உரித்துத் தின்கிற காலத்திலும் ஒரு மாடு அந்த வெட்டையில் கால் வைக்காது. மேய்ப்பவன் தடியால் அடித்தாலும் சுற்றிக்கொண்டுதான் போகும். மாட்டுக்கு இருந்த புத்தியில் கால்வாசி மனிதருக்கு இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய தேவையே வந்திராது.

வெள்ளைக்காரன் காலத்தில் அந்த வெட்டையில்தான் சூளை வைத்துக் கல் உருக்கினார்கள். மலையின் விலாவைக் குடைந்து எடுத்த கல் அது. கறுத்துப் பளபளக்கும், விரலால் தேய்த்தால் மையாக ஒட்டும். அதனால் ஊரவர்கள் அந்தச் சுரங்கத்தை மைக்கிடங்கு என்றார்கள். உருக்கியவர்கள் ஒருநாள் சட்டிமுட்டியைக்கூட எடுக்காமல் போய்விட்டார்கள். அவர்கள் போன பிறகு ஊர்ப் பெண்கள் சுரங்க வாசலில் சிதறிக் கிடந்த கல்லைப் பொறுக்கி வந்து, பிறந்த பிள்ளைகளின் கண்ணுக்கு மை அரைத்தார்கள். பிறகு சண்டைக்காலம் வந்தது. காட்டுக்குள் போனவர்கள் எல்லாரும் திரும்பி வரவில்லை. கல் பொறுக்குகிற வழக்கமும் அதோடு நின்றது.

இப்போது மறுபடியும் ஆட்கள் வந்திருந்தார்கள். அந்தக் கல்லின் பெயர் அந்திமனியாம், பற்றரிக்கும் துவக்குக் குண்டுக்கும் வேண்டுமாம், உலகமெல்லாம் விலை ஏறிவிட்டதாம். ஏதோ ஒரு கம்பனி மலைக்குள் இன்னும் எவ்வளவு கிடக்கிறது என்று பார்த்துச் சொல்ல மட்டக்களப்பு ரவுணிலிருந்து மேர்லின் என்ற பெண்ணை அனுப்பியிருந்தது. மண்ணும் கல்லும் படித்தவள். வாய் கொஞ்சம் நீளம். சுரங்க வாயை மூடிக் கிடந்த காட்டை வெட்டி, உள்ளே வெளிச்சம் பிடிக்கவும் கல் சுமக்கவும் ஊரில் இரண்டு பேரைப் பிடித்தாள். ஒருவன் உதயரூபன், மற்றவன் அவனுடைய அடுத்த வளவுக்காரன் ரதீஸ்.

உதயரூபன் வந்தாறுமூலைப் பக்கத்தான். கலியாணம் கட்டி, மட்டக்களப்பு முறைப்படி மனைவி வீட்டோடு வந்து குடியிருந்தான். மனைவி கம்சாயினி, மாமி புஸ்பம், இப்போது பிறந்து ஒரு மாதமாகப் போகிற ஒரு பெண்பிள்ளை. இதற்கு முன்னே இரண்டு பிறந்து, இரண்டும் தங்கவில்லை. ஒன்று காய்ச்சலில் போனது, மற்றது ஏன் போனது என்று டொக்டருக்கே தெரியவில்லை. ஆகவே இந்த மூன்றாவதை அந்த வீட்டில் யாரும் உரத்துக் கொஞ்சுவதுகூட இல்லை. பேரும் வைக்கவில்லை. பேர் வைத்தால் எதற்கோ கேட்டுவிடும் என்ற பயம். உதயரூபன் இரவில் எழும்பி, பிள்ளையின் மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பான். பார்த்த பிறகும் நித்திரை வராது.

அவன் மைக்கிடங்கில் வேலைக்குப் போகிறான் என்று தெரிந்த அன்றைக்கே மாமி பிடித்துக்கொண்டாள்.

"மருமகன், எனக்கு ஒரு மைக்கல் கொண்டாந்து தாங்க."

"கல்லு வெளியில கொண்டு போகக் கூடாதெண்டு மிஸ் சொல்லியிரிக்கா மாமி."

"மிஸ்ஸுக்கு என்ன தெரியும்? என்ட அம்மா எனக்கு அந்தக் கல்லுலதான் மை பூசினவ. நான் கம்சாவுக்கும் அம்மா வெச்சிரிந்த துண்டுலதான் பூசினன். ரெண்டு பேரும் குத்துக்கல்லு மாதிரி நிக்கிறம். போன ரெண்டுக்கும் கல்லுக்கு எங்க போற? கடை மையத்தானே பூசினன்? நிண்டுதா? ஊர்க்கண் கொண்டுபோயிட்டு." சீலைத் தலைப்பால் மூக்கைச் சிந்திவிட்டு, "இதையாவது நிப்பாட்டுவம் மருமகன்" என்றாள்.

இதற்கு மேல் எந்த மருமகன் மறுப்பான்? அறைக்குள்ளிருந்து கம்சாயினியும் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அவனுக்குத் தெரியும்.

மறுநாள் சுரங்கத்தின் உள்ளே, மேர்லின் டோச் லைற்றைச் சுவரில் அடித்துக் காட்டினாள். சாம்பல் நிறப் பாறையைப் பிளந்துகொண்டு வெள்ளைக்கல் ஒன்று வளைந்து வளைந்து கீழே இறங்கியது. அதன் நடுவில் கறுப்பு ஊசிகள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன.

"ஆதியில இந்த மலை வெடிச்சிருக்கு. வெடிப்புக்குள்ளால பூமிட அடியிலிருந்து கொதிதண்ணி ஏறி வந்திருக்கு. அந்தத் தண்ணியில கரைஞ்சு வந்ததெல்லாம் ஆற ஆறப் படிஞ்சதுதான் இது. வெள்ளை, பளிங்குக்கல். கறுப்பு, அந்திமனி. நம்மட பழைய ஆக்கள் அஞ்சனக்கல் எண்டது இதைத்தான்."

ஒரு கறுப்பு ஊசியை உடைத்தெடுத்து, சுரங்க வாசலுக்கு வந்து, லைற்றரைப் பற்றவைத்து அதன் நுனியில் பிடித்தாள். கல் என்ற பேருக்கு அது ஒரு நொடி நின்றது, பிறகு மெழுகாக உருகிச் சொட்டியது. தீக்குச்சி உரசிய மணம் வந்தது.

"இது மேல் கல்லு. இப்ப இதைப் பாருங்க." உட்பக்கத்திலிருந்து எடுத்த வேறொரு துண்டு. மஞ்சளும் சிவப்புமாகப் பொருக்குப் படிந்திருந்தது. அதில் நெருப்பு வைத்ததும், யாரோ பக்கத்தில் நின்று உள்ளிப்பூண்டை நசுக்கிய மாதிரி மணம் எழுந்தது. மேர்லின் உடனே அதைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் பின்னுக்கு நகர்ந்தாள். "மஞ்சள், அரிதாரம். சிவப்பு, மனோசிலை. ரெண்டும் பாஷாணம். இங்கிலீசுல ஆர்செனிக். கீழ போகப் போக அதுதான் கூட. அந்தக் காலத்தில கீழ இருந்து வந்த கல்லச் சூளையில வெச்சு உருக்கப் போய்த்தான் ஆக்கள் விழுந்திருப்பாங்க எண்டு நினைக்கன். வெட்டையில புல்லு ஏன் முளைக்கல்ல எண்டு விளங்குதா? சுட்டாலும் மணக்கும், அடிச்சு உடைச்சாலும் கொஞ்சம் மணக்கும். எங்கயாவது உள்ளி மணந்தா யோசிக்க வேணாம், ஓடிருங்க."

"உள்ளி மணத்துக்கு ஓடினா எங்கட வீட்டில சாப்பிடேலா மிஸ்" என்று ரதீஸ் சிரித்தான். அவன் வீட்டிலும் பிள்ளை பிறந்து இரண்டு கிழமை. பிள்ளை பெற்ற வீடென்றால் விடிந்ததிலிருந்து பத்தியச் சரக்குத்தான். மிளகும் மஞ்சளும் கொத்தமல்லியும் அரைத்து, கை நிறைய உள்ளி வறுத்துப் போட்டுத் தாய்க்குக் கறி காய்ச்சிக் கொடுப்பார்கள். அந்த மணம் ஒரு மாதத்துக்குக் கூரையை விட்டுப் போகாது.

உதயரூபன் சிரிக்கவில்லை. "அப்ப எங்கட பொம்புளையள் கண்ணுக்குப் பூசின கல்லு மிஸ்?"

"அது வாசல்ல கிடந்த மேல் கல்லு. அதுவும் பிள்ளைட கண்ணுக்குக் கூடாதுதான். ஆனா உடன ஆளைக் கொல்லல்ல." அவள் அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். "ஏன், வீட்டில கேக்காங்களா? ஒரு துண்டு வெளியில போகக் கூடாது, சொல்லிட்டன்."

ஆளைக் கொல்லவில்லை. அந்த ஒரு சொல்லைத்தான் அவன் பிடித்துக்கொண்டான். மனிதன் தனக்கு வேண்டியதை மட்டும் கேட்கிற பிராணி, என்ன செய்வது?

வாசலில் மேல் கல் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. ஊர்ப் பெண்கள் தலைமுறையாகப் பொறுக்கித் தீர்த்திருந்தார்கள். வாசல் பக்கச் சுவரில் இருந்ததை உடைத்தால் மேர்லினுக்குக் கேட்கும். ஆகவே உள்ளே உடைந்து கிடக்கிறதில்தான் எடுக்க வேண்டும். உள்ளே போக மேர்லின் கொடுத்த முகமூடியைப் போட்டால் மூக்குக்கு ஒரு மணமும் தெரியாது. ஆகையால் கண்ணை நம்பினான். மேர்லின் மறுபக்கம் திரும்பிய நேரம் பார்த்து, மஞ்சள் இல்லாத, சிவப்பு இல்லாத, சுத்தக் கறுப்பான துண்டு ஒன்றைத் தேடி எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு பொட்டுக்கூடப் பொருக்கு இல்லை. சுரங்கத்தின் அந்தக் கோடியில் தேங்கி நின்ற தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்திருந்தது. பாசி இல்லை, தவளை இல்லை, ஒரு நுளம்புக் குஞ்சுகூட இல்லை. அவன் அதையும் பார்த்தான். பார்த்துவிட்டு, கல்லைச் சோற்றுப் பெட்டிக்குள் போட்டு மூடினான்.

வீட்டுக்கு வந்ததும், சும்மா சொல்லக் கூடாது, அவன் சோதித்துத்தான் பார்த்தான். குசினிப் பின்பக்கம் அம்மியில் கல்லை வைத்துக் கோடரியின் மொட்டைப் பக்கத்தால் ஒரு அடி அடித்து, குனிந்து மணந்தான். உள்ளி மணந்தது! நிமிர்ந்து பார்த்தால், ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் மாமி தாச்சிச் சட்டியில் உள்ளி வறுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மருமகன், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"ஒண்டுமில்ல மாமி." அவனுக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளைப்பேறு வீட்டில் உள்ளி மணக்காமல் தாழம்பூவா மணக்கும்? கல்லை மாமியின் கையில் கொடுத்தான். புஸ்பம் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் தீட்டான துடக்குக் கழிந்தது. பிள்ளைக்குத் தலைமயிர் வழித்தார்கள். வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அறையில் தணல் சட்டி வைத்து, பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகை காட்டினார்கள். மைக்கல்லை மட்டும் புஸ்பம் அன்றைக்கு எடுக்கவில்லை. துடக்கு அடுப்பின் நெருப்பு மைக்கல்லில் படக் கூடாது என்பது அவளுடைய தாய் சொன்ன முறை. பழைய அடுப்பைப் பெயர்த்து, புதிதாக மண் வைத்து, சாணம் மெழுகி, புது நெருப்பு மூட்டித்தான் அந்தத் தணலில் கல்லை வாட்ட வேண்டும். வாட்டி, தாய்ப்பாலில் அணைத்து, அரைக்க வேண்டும். கல் வேகும்போது வேற்றுக்கண் படக் கூடாது, ஆகையால் அறைக்குள்ளே, கதவும் யன்னலும் சாத்தி, தாயும் பிள்ளையும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

"நாளைக்கு வெச்சிருவன்" என்றாள். உதயரூபன் தலையாட்டினான்.

அடுத்த நாள் வெயில் ஏறிய பிறகு, சுரங்க வாசலில் மேர்லின் சாக்கு விரித்து, உள்ளிருந்து எடுத்த துண்டுகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். ரதீஸ் உள்ளே கல் உடைத்துக்கொண்டிருந்தான். மேர்லின் சுத்தக் கறுப்பான ஒரு துண்டைக் கையில் எடுத்தாள். உதயரூபன் எடுத்துப் போன துண்டுக்கு அது உடன்பிறப்பு. மஞ்சள் இல்லை, சிவப்பு இல்லை. சுத்தியலால் நடுவில் ஒரு தட்டுத் தட்டினாள். இரண்டாகப் பிளந்தது.

"இஞ்ச பாருங்க உதயன். இவர்தான் பெரிய கள்ளன்."

உள்ளே கறுப்புக்கு நடுவில் வெள்ளி நிறத்தில் பொடிப்பொடியாக மின்னியது.

"மஞ்சளும் சிவப்பும் நான் பாஷாணம் எண்டு சொல்லிக்கொண்டு வரும். இவரும் பாஷாணம்தான், ஆனா சொல்லமாட்டார். இரும்போட சேர்ந்து ஒளிஞ்சிருக்கார். இந்தக் கீழ்ப் பக்கத்தில ஒரு கல்லுத் தப்பல்ல, எல்லாத்துக்குள்ளயும் இவர்தான்." லைற்றரைப் பிடித்தாள்.

அவனுடைய முகத்தில் முகமூடி இல்லை. மணம் நேரே வந்து மூக்கில் ஏறியது. உள்ளி. அம்மிக்குக் குனிந்து மணந்த அந்த மணம், தாச்சிச் சட்டியிலிருந்து வந்ததா, கல்லிலிருந்து வந்ததா? அன்றைக்கு எவ்வளவு இலேசாகச் சிரித்துவிட்டான்!

"வீட்டில வெச்சிரிந்தா என்ன செய்யும் மிஸ்?"

"சும்மா வெச்சிரிந்தா ஒண்டும் செய்யாது. நெருப்புக் காட்டினாத்தான் நச்சுப் புகை எழும்பும். மூடின அறையெண்டா..." அவள் நிறுத்தினாள். "உதயன். நீங்க கல்லெடுத்த நீங்களா?"

"இல்ல மிஸ்" என்றான். ஏன் பொய் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. வேலை போய்விடும் என்ற பயமா, உண்மையைச் சொன்னால் அது நடந்துவிடும் என்ற பயமா? "வீட்டில ஒரு அலுவல், வாறன்" என்று மட்டும் சொல்லி மோட்டார்சைக்கிளை உதைத்தான்.

குளக்கட்டில் அவன் ஓடிய ஓட்டத்தைக் கண்டவர்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்றே நினைத்தார்கள். நாளைக்கு வைப்பேன் என்றாள் மாமி. நாளைக்கு என்றால் இன்றைக்கு. மாமி சோம்பேறி என்றால் நல்லது, மறந்துவிட்டாள் என்றால் நல்லது, மழை பெய்து விறகு நனைந்திருந்தால் நல்லது. வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. கண்ணகை அம்மனுக்கு நேர்ந்தான், ரவுணில் இருக்கிற அந்தோனியாருக்கும் நேர்ந்தான். யாராவது ஒருவர் கேட்டால் போதும் என்றிருந்தது.

வீட்டு வேலி வாசலில் கடப்பைத் தள்ளித் திறந்தான். வளவு அமைதியாக இருந்தது. கிணற்றடியில் மாமி குந்தியிருந்து உடுப்புக் கழுவிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள்ளிருந்து உள்ளி மணம் கமகமவென்று வந்தது.

அவனுக்கு உயிர் திரும்பி வந்தது. கடப்புக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு மாதமாக இந்த வீட்டில் மணக்கிற அதே மணம். சமையல் நடக்கிறது. சமையல் நடக்கிற வீட்டில் என்ன நடந்துவிடப் போகிறது? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமாகவும் இருந்தது.

"மாமி, உள்ளி மணம் ரோட்டுக்கே வருதே. எனக்கும் கொஞ்சம் சோத்தில போடுங்க!"

புஸ்பம் நிமிர்ந்து பார்த்தாள். "உள்ளியா? எங்கால மருமகன் உள்ளி? நேத்தோட துடக்குக் கழிஞ்சிட்டெல்லுவா. சரக்குச் சட்டியெல்லாம் கழுவிக் கவுத்திட்டன். புது அடுப்பில இண்டைக்குப் பால்சோறு மட்டும்தான். வீட்டில ஒரு பல்லு உள்ளி இல்ல."

அவன் ஓடினான்.

அறைக் கதவை உள்ளே சீலை வைத்து இறுக்கியிருந்தார்கள். தோளால் இடித்தான், திறக்கவில்லை. உதைத்தான். உள்ளே சாம்பிராணியும் உள்ளியும் தீக்குச்சியும் கலந்து தொண்டையைப் பிடிக்கிற புகை. பிள்ளை கிடந்த சீலைத் தொட்டில் ஏணைக்கு அடியில் தணல் சட்டி. தணலுக்கு நடுவில் கல் வெள்ளையாகப் புகைந்துகொண்டிருந்தது. கம்சாயினி பாயில் கிடந்தாள். கூப்பிட்டதற்கு "ம்" என்றாள், எழும்பவில்லை. அவன் ஏணையோடு பிள்ளையை வாரி நெஞ்சில் அணைத்து, மற்றக் கையால் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வெளியே வந்தான். வேப்பமரத்தடியில் மூவரும் விழுந்தார்கள்.

"என்ன நடந்த? என்ட கிளிக்கு என்னகா நடந்த?" என்று மாமி ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

பிள்ளை அழவில்லை. வாய் திறந்திருந்தது. அவன் விரலை மூக்கடியில் வைத்தான், ஒன்றும் தெரியவில்லை. "அழு மகள், அழு" என்றான். முதுகைத் தட்டினான். மாமி கொண்டுவந்த தண்ணீரால் முகத்தைத் துடைத்தான். பிள்ளை ஒருதரம் உடம்பை முறுக்கியது. பால் கக்கியது. பிறகு அழுதது. ஊரே எழும்பி வருகிற மாதிரி வீரிட்டு அழுதது.

கம்சாயினி மண்ணில் கையூன்றி, வயிறு காலியாகச் சத்தியெடுத்தாள். எடுத்துவிட்டு, தலையைத் தூக்கி, "பிள்ளை?" என்றாள். "இரிக்கி, இரிக்கி" என்று அவன் விம்மினான். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஆட்டோ பிடிக்க வேண்டும். எல்லாம் செய்யலாம். பிள்ளை அழுகிறது, அது போதும். இப்போதுதான் தணல் போட்டிருக்கிறாள், கல் இன்னும் முழுக்க வேகவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது.

"மாமி, அந்தச் சட்டியத் தொடாதீங்க. உள்ளுக்குப் போகாதீங்க. அது பாஷாணக் கல்லு."

புஸ்பம் நெஞ்சில் கைவைத்தாள். அவள் வீட்டைப் பார்க்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

"மருமகன், நான் பாதியை உடைச்சு ரதீஸ்ட வீட்டுக்குக் குடுத்திட்டன்."

"எப்ப?"

"காலையில. அவன்ட மாமி வந்து கேட்டா. நல்ல கல்லெண்டு சொன்னன். துடக்குக் கழியட்டும் எண்டுதான் சொன்னன். அவங்க களுவாஞ்சிக்குடிப் பக்கம். எங்கட முறை அவங்களுக்கில்ல. இண்டைக்கே வைக்கப் போறமெண்டு..."

வேலிக்கு அந்தப் பக்கம் ரதீஸின் வீடு. மத்தியான நேரம். காற்று அங்கிருந்து இந்தப் பக்கம் அடித்தது. உள்ளி மணந்தது.

பிள்ளை பெற்று இரண்டு கிழமையான வீடு. பத்தியச் சரக்கு அடுப்பில் இருக்கிற வீடு. அங்கே உள்ளி மணந்தால் ஒருவரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். வளவில் ஆள் நடமாட்டம் இல்லை. அறைக் கதவும் யன்னலும் சாத்தியிருந்தன. பச்சைப் பிள்ளை இருக்கிற அறையைக் காற்றுப் படாமல் எப்போதும் சாத்தித்தான் வைப்பார்கள். ரதீஸ் மலைக்குள்ளே, மூக்கை மூடிய முகமூடியோடு பத்திரமாக இருந்தான்.

உதயரூபன் தன் பிள்ளையை மாமியின் மடியில் போட்டுவிட்டு வேலியை நோக்கி ஓடினான். முதுகுக்குப் பின்னால் அவனுடைய பிள்ளை அழுதுகொண்டிருந்தது. வேலியைப் பிரித்துக்கொண்டு அந்த வளவுக்குள் விழுந்தபோது காதைக் கொடுத்துக் கேட்டான். அந்த வீட்டில் எந்தப் பிள்ளையும் அழவில்லை.